ஸ்டோர் ரூமிலிருந்து வந்த டைம்டேபிள்

பள்ளிக்கூடத்தில் டைம்டேபிள் போடுகிறவளை யாருக்கும் பிடிக்காது. பாளையங்கோட்டையில் நான் கணக்கு டீச்சராக இருந்த பெண்கள் பள்ளியில் அந்த வேலை எண்பதுகளின் கடைசியில் என் தலையில் விழுந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை நாற்பத்திரண்டு பிரிவுகள், அறுபதுக்கு மேல் டீச்சர்கள், வாரத்துக்கு நாற்பது பீரியட். மே மாதம் பூராவும் சார்ட் தாள்களை ஒட்டித் தரையில் விரித்து, டீச்சருக்கு ஒரு நிறமாக அட்டைத் துண்டுகள் வெட்டி, மண்டி போட்டு நகர்த்திக்கொண்டிருப்பேன். ஃபேன் போட முடியாது. போட்டால் ஒன்பதாம் வகுப்பு முழுக்கப் பறந்துவிடும். பாளையங்கோட்டை மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் உட்கார்வது என்றால் என்னவென்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவ்வளவு பாடுபட்டும் ஜூன் மாதம் ஸ்டாஃப் ரூமில் என் முகத்தைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அப்போது எங்கள் பள்ளியில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. அரசாங்கத் திட்டம் ஒன்றில் வந்தவை, வெளிநாட்டில் செய்தவை. விசைப்பலகையும் பெட்டியும் ஒரே உடம்பாக இருக்கும். மேல் வரிசையில் மட்டும் சிவப்பு விசைகள். சுவிட்சைப் போட்டால் இரண்டு சுரத்தில் ஒரு சத்தம் கொடுத்துவிட்டு, அடுத்த நொடியே என்ன வேண்டும் என்று கேட்கிற மாதிரி நிற்கும். நினைவகம் முப்பத்திரண்டு கே. இன்றைக்கு ஒரு கல்யாணப் போட்டோவின் ஓரம்கூட அதில் அடங்காது. அதற்குப் பயிற்சி எடுத்து வந்தது நானும் பிசிக்ஸ் டீச்சரும். அவள் கல்யாணமாகி துபாய்க்குப் போய்விட்டாள். நான் மட்டும் மிச்சம்.

அதில் டைம்டேபிள் போட்டால் என்ன என்று ஒரு மே மாதம் தோன்றியது. முழங்கால் வலிதான் காரணம். முதலில் அந்த மெஷினுடன் வந்த சுலபமான மொழியில் எழுதினேன். சனிக்கிழமை காலையில் ஓடவிட்டது திங்கள்கிழமையும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மொழியில் எழுதுவதை மெஷின் ஒவ்வொரு வரியாகப் படித்து, தனக்குப் புரிகிற எண்களாக மாற்றிக்கொண்டு, அதன் பிறகுதான் வேலை செய்யும். நேராக அந்த எண்களிலேயே எழுதிவிட்டால் பல மடங்கு வேகம். ஆனால் அதற்கு, மெஷினுக்குள் இருக்கிற சிப் எப்படி யோசிக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு காலாண்டுப் பரீட்சை லீவும் ஒரு அரையாண்டுப் பரீட்சை லீவும் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதைக் கற்றேன். அடுத்த ஜூனில் நாலரை மணி நேரத்தில் டைம்டேபிள் வந்தது.

வேகம்கூடப் பெரிய விஷயமில்லை. அந்தப் புரோகிராமில் 'சங்கடம்' என்று ஒரு பகுதி வைத்திருந்தேன். கெமிஸ்ட்ரி டீச்சர் கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாசஞ்சர் ரயிலில் வந்து, ஜங்ஷனில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து வர வேண்டும். அவளுக்கு முதல் பீரியட் கூடாது. தமிழம்மாவுக்கு மூட்டுவலி, அடுத்தடுத்த பீரியடில் மாடியும் கீழுமாக ஓடவிடக் கூடாது. டிரில் டீச்சரிடம் இரண்டு வகுப்புகளுக்கு மேல் ஒரே நேரத்தில் மைதானத்துக்கு அனுப்பக் கூடாது. இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. வகுப்புகள் ஒன்றோடொன்று மோதினால் ஐம்பது புள்ளி, ஒருவரின் சங்கடத்தை மீறினால் அதன் கனத்துக்கு ஏற்றபடி சில புள்ளிகள். மெஷின் பீரியடுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து அந்த மொத்தத்தைக் குறைத்துக்கொண்டே வரும். திரையின் மேல் மூலையில் அந்த எண் ஒன்றுதான் தெரியும். பூஜ்யம் வந்துவிட்டால் முடிந்தது.

வருஷா வருஷம் அந்தப் பட்டியல் நீண்டது. யாருக்காவது ஆபரேஷன் நடந்தால், மாமியார் படுக்கையில் விழுந்தால், குழந்தை பிறந்தால் என்னிடம் வந்து சொல்லுவார்கள். நானும் ஒரு வரி சேர்ப்பேன். ஸ்டாஃப் ரூமில் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் ஆரம்பித்திருந்தார்கள்.

ஏழு வருஷம் அப்படி ஓடியது. தொண்ணூறுகளின் நடுவில் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஆறு புதுக் கம்ப்யூட்டர்கள் வாங்கிக் கொடுத்தது. அவற்றுக்காக ஒரு அறைக்கு ஏசி போட்டு, தரைக்கு விரிப்பு விரித்து, வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பலகை வைத்தார்கள். மெஷின்களை நிறுவ மதுரையில் ஒரு கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வந்தார். முப்பது வயதிருக்கும், சொந்த ஊர் வள்ளியூர். வெயிலிலும் டை கட்டியிருந்தார். நான் என் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போய், இதைப் புதியதில் ஓட்ட முடியுமா என்று கேட்டேன். டிஸ்க்கையே அது படிக்காது என்றார். படித்தாலும் பிரயோஜனமில்லை, சிப்பின் வம்சமே வேறு என்றார். அது எனக்கும் தெரியும். பழைய சிப்புக்கு 'கூட்டு' என்று அர்த்தமாகிற எண், புதியதற்கு வேறு எதுவோ. நான் இரண்டு லீவில் கற்ற பாஷையை இந்த அறையில் பேச ஆளில்லை. டிஸ்க்கைத் திரும்ப உறைக்குள் போட்டுக்கொண்டேன்.

திரும்ப எழுதலாமே என்றார். எழுதலாம். புதுச் சிப்பின் புத்தகத்தைக் கடன் வாங்கிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. வகுப்பு எடுத்துக்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு எழுத ஒரு வருஷமாவது ஆகும். ஆனால் அதற்கு அவசியமே இல்லை, எங்கள் கம்பெனியே ஒரு டைம்டேபிள் புரோகிராம் தருகிறது என்று அவர் சொல்லிவிட்டார்.

எங்கள் தலைமையாசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். அவர் என்னைக் கூப்பிட்டு, இத்தனை வருஷம் நான் பட்டது போதும், இந்த மே மாதமாவது நிம்மதியாக இருக்க வேண்டும் என்றார். மனசாரத்தான் சொன்னார். கூடவே, பழைய இரண்டையும் உதவாத சாமான்கள் பட்டியலில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பப் போவதாகவும் சொன்னார். ஆபீஸ் பாஷையில் அதற்குக் கண்டம் பண்ணுவது என்று பெயர். நான் இரண்டையும் துடைத்து, ஒரு பழைய காட்டன் சேலையைக் கிழித்துப் போர்த்தி, கெமிஸ்ட்ரி லேபுக்குப் பின்னால் இருக்கிற ஸ்டோர் ரூமில் வைத்தேன். லேப் அட்டெண்டர், நாங்கள் லேப் அண்ணாச்சி என்போம், அவர்தான் தூக்கி வைத்தார். பெஞ்சின் மேல் உயரமாக வைத்தார், கரையான் ஏறாமல்.

மாதம் ஒரு தடவையாவது போய் சுவிட்சைப் போட்டு வைப்பேன். சும்மா கிடந்தால் ஈரம் பிடிக்கும் என்பது நான் வெளியே சொன்ன காரணம். அந்தப் பெட்டிக்கு அறுபது பேரைத் தெரியும், அதை இருட்டில் போட்டுவைக்க எனக்கு மனசு வரவில்லை என்பது உள்ளே இருந்த காரணம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. நோட்டீஸ் போர்டில் புது டைம்டேபிள் லேசர் பிரின்டரில் அச்சாகி அழகாகத் தொங்கியது. முதல் நாள் மூன்றாவது பீரியட் ஒன்பது பி-யில் இரண்டு டீச்சர்கள் போய் நின்றார்கள், எட்டு டி-யில் யாருமே இல்லை. கெமிஸ்ட்ரி டீச்சருக்கு ஐந்து நாளும் முதல் பீரியட். டிரில் டீச்சருக்கு செவ்வாய்க்கிழமை ஒரே பீரியடில் மைதானத்தில் ஐந்து வகுப்புகள், கையில் ஒரு விசில். அந்தப் புரோகிராமைக் குறை சொல்ல முடியாது. டீச்சர், பாடம், வகுப்பு என்று மூன்று கட்டங்கள்தான் அதில் இருந்தன. மூட்டுவலிக்கும் பாசஞ்சருக்கும் அதில் இடமில்லை. அவசரத்தில் யாரோ பேர்களையும் அரைகுறையாக ஏற்றியிருந்தார்கள்.

இன்ஜினியர் மதுரையிலிருந்து வந்து திருத்திக் கொடுத்தார். ஒரு இடத்தில் திருத்தினால் இன்னொரு இடத்தில் உடைந்தது. இரண்டு வாரத்தில் மூன்று டைம்டேபிள் மாறியது. எந்தப் பீரியட் என்று தெரியாமல் பிள்ளைகள் எல்லாப் புத்தகங்களையும் சுமந்துகொண்டு வந்தார்கள்.

முதல் இரண்டு வாரம் எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. அது மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் போய்விட்டது. பயாலஜி டீச்சருக்கு அப்போது நாலு மாதக் குழந்தை. வீடு இரண்டு தெரு தள்ளித்தான். சாப்பாட்டு இடைவேளைக்கு அடுத்த பீரியட் சும்மா இருந்தால் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். புது அட்டவணையில் அப்படி ஒரு பீரியட் அவளுக்கு வாரத்தில் ஒரு நாள்கூட இல்லை. நான் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தபோது, பால் கட்டிப்போய், சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

நேரே பெரிய டீச்சர் அறைக்குப் போனேன்.

"எனக்கு ஒரு சனிக்கிழமை குடுங்க," என்றேன்.

என்ன கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அது கண்டம் பண்ணின சாமான் டீச்சர்."

"இன்னும் பண்ணலை. லிஸ்ட்டுலதான் இருக்கு."

அவர் டிராயரைத் திறந்து ஸ்டோர் ரூம் சாவியை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் வேலையை ஆரம்பித்தோம். பழைய மெஷின்களின் மானிட்டர் இரண்டுமே பழுதாகிவிட்டிருந்ததால், லேப் அண்ணாச்சி ஆடியோ விஷுவல் அறையிலிருந்து டிவியைத் தூக்கி வந்தார். மெஷின் சத்தம் கொடுத்து எழுந்துகொண்டது. ஆனால் புரோகிராம் இருந்த டிஸ்க்கில் பூஞ்சை. நாலு தடவை போட்டும் படிக்கவில்லை. என்னிடம் வேறு டிஸ்க் கிடையாது.

கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் கேசட் ஞாபகம் வந்தது. முந்தின வருஷம் டிஸ்க் டிரைவ் தகராறு செய்தபோது, புரோகிராமைச் சங்கடப் பட்டியலோடு ஒரு ஆடியோ கேசட்டில் பதிந்து வைத்திருந்தேன். வீட்டுக்கு ஓடினேன். என் கணவர் கோர்ட்டில் குமாஸ்தா, எந்தக் காகிதத்தையும் தூரப் போடாதவர். அவருடைய பக்திப் பாட்டு கேசட்டுகளுக்கு நடுவில் அது இருந்தது. ஒருநாள் விடியற்காலையில் தெரியாமல் அதைப் போட்டு, வந்த இரைச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிய கதையை அவர் அன்றைக்கும் சொல்ல ஆரம்பித்தார். நான் கேட்க நிற்கவில்லை.

சனிக்கிழமை காலையில் டேப் ரெக்கார்டரை மெஷினோடு இணைத்துப் போட்டோம். வால்யூம் கூடினாலும் புரோகிராம் மெஷினில் ஏறாது, குறைந்தாலும் ஏறாது. இரண்டு தடவை பாதியில் நின்றது. மூன்றாம் தடவை லேப் அண்ணாச்சி, "நீங்க கைய வைக்காதிங்க டீச்சர், நான் பைய வைக்கேன்," என்று சொல்லி, பியூரெட் குழாயைத் திருகுகிற விரலால் வால்யூமை ஒரு மயிரிழை நகர்த்தினார். ஏறியது.

புதிதாகச் சேர்ந்திருந்த டீச்சர்களிடம் அவரவர் சங்கடத்தைக் கேட்டு எழுதிவரும் வேலையை டிரில் டீச்சர் முந்தின நாளே முடித்திருந்தார். எல்லாவற்றையும் ஏற்றி, பத்தரை மணிக்கு ஓடவிட்டேன். மேல் மூலையில் முந்நூற்றுச் சொச்சம். பன்னிரண்டு மணிக்கு அறுபது. இரண்டு மணிக்கு ஒன்பது. இரண்டேகாலுக்குக் கரண்ட் போய்விட்டது.

டிவி கறுத்தது. வெளியே சாரல் காற்றில் ஸ்டோர் ரூம் ஜன்னல் அடித்துக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் வாசலில் இன்ஜினியர் நிற்பதைப் பார்த்தேன். நாலாவது திருத்தத்தைக் கொடுக்க வந்தவர், சத்தம் கேட்டு இங்கே வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. அவர் ஏதாவது சொன்னால் நானும் ஏதாவது சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன். அவர் உள்ளே வந்து மெஷினைக் குனிந்து பார்த்தார். எத்தனை மணி நேரம் இடைவிடாமல் ஓட வேண்டும் என்று கேட்டார். நாலு, நாலரை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது அவரும் அண்ணாச்சியும் ஏசி ரூமின் யுபிஎஸ் ஒன்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நல்ல கனம். இன்ஜினியரின் டை தோளுக்குப் பின்னால் கிடந்தது.

"இது புது மெஷினுக்கு வாங்கினது இல்லியா?" என்றேன்.

"கரண்டுக்கு அதெல்லாம் தெரியாது டீச்சர்," என்றார். அதுவரைக்கும் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மறுபடி ஓடவிட்டோம். யாரையும் நான் வரச் சொல்லவில்லை. பத்து மணிக்கு கெமிஸ்ட்ரி டீச்சர் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்து நின்றாள், கையில் தூக்குச்சட்டியில் எல்லோருக்கும் புளியோதரையும் பொரித்த அப்பளமும். அதன் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். பத்துப் பதினைந்து பேர், பீக்கர்களுக்கும் உடைந்த ஸ்டூல்களுக்கும் நடுவில், டிவியின் மூலையில் ஓடுகிற ஒரு எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. எண் ஓடிக்கொண்டே இருந்தது. இருபது நிமிஷம் தாங்கும் என்றார் இன்ஜினியர், வாட்சைப் பார்த்தபடி. பதினாலாவது நிமிஷம் கரண்ட் வந்தது.

பன்னிரண்டரைக்கு எண் ஒன்றாயிற்று. அங்கேயே நின்றது. கால் மணி நேரம், அரை மணி நேரம். எந்தச் சங்கடம் மிச்சமிருக்கிறது என்று கேட்க ஒரு சிவப்பு விசை உண்டு. அதைத் தட்டினேன். திரையில் இரண்டு டீச்சர்களின் குறியெழுத்துகளும், வியாழன் ஆறாவது பீரியடும் வந்தன. எனக்குக் காது சுட்டது.

அந்த வரியை நான் யாரிடமும் சொன்னதில்லை. தமிழம்மாவும் ஹிஸ்டரி டீச்சரும் ஏதோ ஒரு சீட்டுப் பிடித்த விவகாரத்தில் பேச்சு நின்றுபோனவர்கள். இரண்டு பேரும் ஒரே பீரியடில் ஓய்வாக ஸ்டாஃப் ரூமில் உட்கார நேர்ந்தால் மற்றவர்கள் வெளியே வந்துவிட வேண்டியிருக்கும். அதனால் அவர்கள் இருவரையும் ஒன்றாக ஓய்வில் விடாதே என்று ரகசியமாக ஒரு வரி எழுதி, அதற்கு ஒரே ஒரு புள்ளி வைத்திருந்தேன். ஏழு வருஷம் மெஷின் அவர்களைப் பிரித்தே வைத்திருந்தது. இப்போது இருவரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள்.

"அது யாரு சங்கடம்?" என்று தமிழம்மாவே கேட்டார்.

பொய் சொல்லவும் தோன்றவில்லை. உள்ளதைச் சொன்னேன். தமிழம்மா திரையைப் பார்த்தார். பிறகு ஹிஸ்டரி டீச்சரைப் பார்த்தார், நான் அறிந்து ஏழு வருஷத்தில் முதல் தடவையாக.

"அந்த ஒண்ணை எடுத்துருங்க டீச்சர்," என்றார். "நாங்க பேசிக்கிடுதோம்."

ஹிஸ்டரி டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வியாழக்கிழமைதானே," என்றாள்.

எடுத்தேன். பூஜ்யம் வந்தது. டிரில் டீச்சர் கழுத்தில் தொங்கின விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்திருப்பார்கள். கெமிஸ்ட்ரி டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

பிரின்டர் ரிப்பன் காய்ந்து கிடந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நான் திரையைப் பார்த்து வாசிக்க, எட்டுப் பேர் சார்ட் தாள்களில் எழுதினார்கள். தமிழம்மாவின் கையெழுத்தும் ஹிஸ்டரி டீச்சரின் கையெழுத்தும் ஒரே தாளில் மேலும் கீழுமாக வந்தன. இன்ஜினியர் தரையில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்.

திங்கள்கிழமை நாற்பத்திரண்டு வகுப்பிலும் தலா ஒரு டீச்சர் இருந்தார். வராந்தாவில் ஒரு பிள்ளையைக்கூடக் காணோம். சாப்பாட்டு மணிக்குப் பிறகு பயாலஜி டீச்சர் குடையை விரித்துக்கொண்டு வாசல் பக்கம் விறுவிறு என்று நடப்பதை மாடியிலிருந்து பார்த்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க நேரமும் இல்லை. சாயங்காலம் பெரிய டீச்சர் கூப்பிட்டு, உதவாத சாமான்கள் பட்டியலை என் கண் முன்னாலேயே எடுத்து, எங்கள் இரண்டு மெஷின்களின் வரியைப் பச்சை மையால் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் அவற்றில் ஒன்று அவருடைய அறைக்கே வந்துவிட்டது, பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில்.

புது மெஷின்களை நான் வெறுக்கவில்லை. மார்க் லிஸ்ட், சம்பளப் பட்டியல் எல்லாம் அவற்றில்தான் அழகாக வந்தன, நானே அவற்றில் வேலை செய்தேன். இன்ஜினியர் என் புரோகிராமை முழுக்க எழுதி வாங்கிக்கொண்டு போனார். சில மாதம் கழித்து, எங்கள் கம்பெனி புரோகிராமிலும் சங்கடத்துக்கு ஒரு பக்கம் சேர்த்தாயிற்று என்று கடிதம் போட்டார். பெரிய டீச்சர் அந்தக் கடிதத்தை ஸ்டாஃப் மீட்டிங்கில் வாசித்தார். அதன் பிறகும் எங்கள் டைம்டேபிளைப் பழையதுதான் போட்டது. ஒவ்வொரு ஜூனிலும் பாதி ஸ்டாஃப் பெரிய டீச்சர் அறையில் நின்று எண் இறங்குவதைப் பார்க்கும்.

இரண்டாயிரமாம் வருஷம் பிறக்கப் போகிற சமயம், வருஷம் மாறும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்று எல்லா இடத்திலும் பேச்சு. எங்களுக்கும் ஒரு படிவம் வந்தது. பள்ளியிலுள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் எழுதி, அது புது வருஷத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளுமா, இல்லையென்றால் என்ன ஏற்பாடு என்று நிரப்ப வேண்டும். ஆறு புது மெஷின்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்து எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கடைசியில், இன்னும் ஓடிக்கொண்டிருந்த பழையது. அதற்கு நேரே இப்படி எழுதினேன்: இதற்கு வருஷம் தெரியாது, மாதம் தெரியாது. திங்கள் முதல் வெள்ளி வரை தெரியும். ஏற்பாடு எதுவும் தேவையில்லை.

பெரிய டீச்சர் அதை இரண்டு தடவை வாசித்தார். திருத்தச் சொல்லுவார் என்று நின்றேன். அவர் பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்து கையெழுத்துப் போட்டு, அன்றைய தபாலிலேயே அனுப்பச் சொன்னார்.